பொருள்: ஸ்கீ பைண்டிங் – தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

ஓஸ்லோ டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே ஓஸ்லோவில் குளிர்கால விடுமுறை ஆண்டின் 8ஆவது வாரத்தில் வரும். அதற்கு முன்பாகவே பல பள்ளிக்கூடங்களில் ஒரு பனிச்சறுக்கு நாள் வைத்துவிடுவார்கள். புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு அது பெரிய தலையிடி. சறுக்குப் பலகையை ஓரிடத்தில் இரவல் வாங்குவார்கள், சப்பாத்தைத் தெரிந்தவர் வீட்டில் வாங்குவார்கள். காலையில் பள்ளி வாசலில் வைத்துக் காலை உள்ளே விட்டால் ஒன்றோடொன்று பொருந்தாது. பிள்ளை அழும், தாய்க்கு வேலைக்கு நேரமாகும்.

எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புப் பெற்றோருக்காக ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பலகை, ஊன்றுகோல், சப்பாத்து எல்லாம் எழுதியாயிற்று. பலகையின் நடுவில் திருகாணியால் இறுக்கியிருக்கும், சப்பாத்தின் முன்நுனியைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பாகத்துக்குத்தான் சொல் இல்லை. நோர்வேஜிய மொழியில் அதைப் பின்டிங் என்பார்கள். வீட்டில் நாங்களும் அப்படியே சொல்கிறோம். அது எழுத்தில் நன்றாக இல்லை. "பிணைப்பு" என்று போட்டுப் பார்த்தேன். "புறப்பட முன் பிணைப்பு உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள்" என்றால் கணவன் மனைவிக்குப் புத்தி சொல்வதுபோல் இருக்கிறது.

உதவுங்கள்.

புலவர் (தஞ்சை) எழுதியது:

அன்பு மகளுக்கு,

சொல்லைத் தேடி எங்கும் போக வேண்டாம். "தளை" இருக்கிறது.

சீரும் சீரும் சேருமிடத்தில் இருப்பது தளை. சீர் வேறு, அடுத்த சீர் வேறு. இரண்டையும் ஓசை கெடாமல் சேர்த்து நடத்துவது தளை. இங்கே சப்பாத்து ஒரு சீர், பலகை ஒரு சீர். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? பொருந்தாத சப்பாத்தை மாட்டினால் "தளை தட்டுகிறது" என்றே எழுதலாம். பிறகு கேள்: மொட்டு மலர்வதைப் பழம்பாடல்களில் "தளை அவிழ்தல்" என்பார்கள். கட்டியும் வைக்கும், வேளை வந்தால் தானே அவிழவும் செய்யும். இந்தக் கருவியில், கால் முறியும் நேரத்தில் தானே விட்டுவிடும் அமைப்பு உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறேன். கட்டுவதும் அவிழ்வதும் ஒரே சொல்லில் அடங்கியிருக்க, "பிணைப்பு" எதற்கு? பிணை என்றாலே ஜாமீன் நினைவுதான் வருகிறது.

"சப்பாத்து" என்ற சொல்லையும் மாற்றச் சொல்வேன். அது போர்த்துக்கீசியர் விட்டுப்போனது.

எளியதமிழ் (சென்னை) எழுதியது:

ஐயா, தளை என்றால் இன்றைக்குத் தெரிந்த ஒரே பொருள் விலங்கு. அடிமைத்தளை, தளைகளை உடைத்தெறிவோம் என்று மேடையில் கேட்ட சொல். பிரசுரத்தில் "உங்கள் குழந்தையின் காலைத் தளையில் வையுங்கள்" என்று வந்தால் குழந்தைகள் நலத்துறையில் யாராவது புகார் கொடுத்துவிடுவார்கள்.

என் ஓட்டு "பூட்டு". வண்டியில் மாட்டைப் பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம். வினையாகவும் பெயராகவும் வரும். "காலைப் பூட்டு", "முன்பூட்டு", "பின்பூட்டு" என்று எத்தனை வேண்டுமானாலும் கிளைக்கும்.

பைண்டிங் என்றே விடலாம் என்று நானும் நினைத்தேன். ஆனால் தமிழ்நாட்டில் பைண்டிங் என்றால் புத்தகம் தைப்பது. திருவல்லிக்கேணியில் தெருவுக்கு ஒரு கடை இருக்கிறது.

பொறியன் (கிரெனோபிள்) எழுதியது:

டீச்சர், சொல்லுக்குப் போகும் முன் ஒரு கேள்வி. எந்த வகை? இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லலாமா என்பதே எனக்குச் சந்தேகம். நான் வேலை பார்ப்பது இதே பொருளின் வடிவமைப்பில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைச்சரிவில் வேகமாக இறங்கும் வகையில் சப்பாத்து கல் மாதிரிக் கெட்டியான பிளாஸ்டிக். பலகையில் முன்துண்டு ஒன்று, பின்துண்டு ஒன்று. நுனியும் குதிகாலும் இரண்டும் பிடிபட்டிருக்கும். விழும்போது கால் முறுகினால் முன்துண்டு பக்கவாட்டில் திறக்கும். உடம்பு முன்னால் கவிழ்ந்தால் பின்துண்டு மேல்நோக்கித் திறக்கும். இரண்டுக்குள்ளும் சுருள்வில் இருக்கிறது. திருகைத் திருப்பினால் வில் இறுகும் அல்லது தளரும், சின்னச் சாளரத்தில் ஓர் எண் நகரும். டின் எண் என்பது அதுதான். எடை, உயரம், வயது, எப்படிப்பட்ட சறுக்கர், சப்பாத்து அடியின் நீளம் எல்லாவற்றையும் அட்டவணையில் வைத்துக் கடைக்காரர் அதைத் தீர்மானிப்பார். ஐஎஸ்ஓ 11088 என்ற தரநிலை இதற்கென்றே இருக்கிறது. அடி நீளமானால் எண் குறையும். நீளமான நெம்புகோலை அசைக்கக் குறைந்த விசை போதும், அந்தக் கணக்குதான். 10 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் 50 தொட்டவர்களுக்கும் அட்டவணையில் ஒரு படி இறக்கிப் பார்ப்பார்கள்.

வடிவமைப்பில் உயிரை எடுக்கும் இடம் ஒன்று உண்டு. கட்டிப்போன பனியில் தடதடவென்று போகும்போது அது விடவே கூடாது. நடுச்சரிவில் பலகை கழன்றால் அதுவே ஆளைக் கொன்றுவிடும். விழும்போது விட்டே ஆக வேண்டும். இரண்டு நேரத்திலும் விசை ஏறக்குறைய ஒரே அளவுக்குப் போகலாம். வேறுபாடு, அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில். அதனால் சப்பாத்து சில மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டுத் தானே நடுவுக்குத் திரும்பும்படி இடம் வைக்கிறோம். அதற்கும் மேல் போனால்தான் திறக்கும். சப்பாத்து அடிக்கும் பலகைக்கும் நடுவில் வழுக்கும் தகடு ஒன்று வேண்டும். அதில் மண்ணோ பனிக்கட்டியோ அப்பியிருந்தால் நாங்கள் போட்ட கணக்கெல்லாம் வீண். சப்பாத்து வெளியே வந்ததும் இரண்டு கம்பிக் கைகள் கீழே இறங்கிப் பலகையை நிறுத்தும்.

தானே விடும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கதை உண்டு. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாழ்ந்த யால்மர் வாம் என்ற சறுக்கு வீரருக்கு 1937இல் கால் முறிந்தது. மருத்துவமனையில் கிடந்தபடியே முன்துண்டு தானாக விடும் அமைப்பை வரைந்தார். இந்த வகை பரவித் தேறிய பிறகு கீழ்க்கால் எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்தது. முழங்கால் ஜவ்வு கிழிவதை மட்டும் இன்றுவரை சரியாகத் தடுக்க முடியவில்லை. எங்கள் துறையின் தீராக் கடன் அது.

இனி இரண்டாவது வகை. சமவெளியிலும் காட்டுப்பாதையிலும் நடை போடுகிற லாங்ரென் பலகை. பள்ளிப் பிள்ளைகள் போவது பெரும்பாலும் இதில்தான். சப்பாத்து மெல்லியது. நுனியில் அடிப்பக்கம் குறுக்காக ஓர் இரும்புக் கம்பி புதைந்திருக்கும், பலகையில் இருக்கும் தாடை அதைக் கவ்வும். குதிகால் தூக்கி இறங்க முழுச் சுதந்திரம். தானே விடும் ஏற்பாடு எதுவும் இதில் கிடையாது.

ஆகவே புலவர் ஐயாவின் "தளை அவிழ்தல்" முதல் வகைக்கு அழகாகப் பொருந்தும். டீச்சருக்கு வேண்டியது இரண்டாவது வகை. அது அவிழாது.

பனங்காட்டான் (டொராண்டோ) எழுதியது:

புலவர் ஐயாவுக்கு ஆதரவாக ஒரு சொல், பிறகு எதிராக ஒரு சொல்.

ஆதரவு: யாழ்ப்பாணத்தில் பனை ஏறுபவர்கள் இரண்டு காலிலும் ஒரு நார் வளையம் மாட்டிக்கொள்வார்கள். அதற்குப் பெயரே தளைநார். மரத்தை இரண்டு பாதமும் சேர்த்துப் பிடிக்க அது உதவும். காலைக் கட்டித்தான் ஏறுவார்கள், அதை ஒருவரும் விலங்கென்று நினைத்ததில்லை. எனவே எளியதமிழ் தம்பி சொல்வதுபோல் தளை என்றால் சிறை மட்டுமல்ல.

பொறியன் வாமைச் சொன்னார். அவருக்கு முன்னோடி ஒருவர் நோர்வேயிலேயே இருந்தார். டெலிமார்க் பகுதியில் மோர்கெடால் ஊர்க்காரர் சோன்ட்ரே நோர்ஹெய்ம், 1825இல் பிறந்தவர். அதுவரை நுனியில் மட்டும் ஒரு வார் போட்டு ஓட்டினார்கள், குதித்தால் பலகை கழன்றுவிடும். இவர் மெல்லிய மரக்கொம்பை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். கால் பலகையோடு நின்றது, குதிகாலும் தூக்க முடிந்தது. 1868இல் கிறிஸ்தியானியாவுக்கு, அதாவது இன்றைய ஓஸ்லோவுக்கு வந்து போட்டியில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார். முறுக்கிய நார், கால், மரம். தளைநாருக்கும் இதற்கும் என்ன தூரம் சொல்லுங்கள்.

எதிர்ப்பு: இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ளகரம் வராது. "தளையை மாட்டு" என்றால் "தலையை மாட்டு" என்றுதான் அவர்களுக்குக் கேட்கும்.

என் சொல் "கொளுவி". ஊரில் சப்பாத்தை, கொக்கியை, ஊக்கை எல்லாம் "கொளுவு" என்றுதானே சொல்கிறோம். கொளுவுவது கொளுவி. கவ்வுவது கவ்வி என்பதுபோல.

சப்பாத்தைப் பற்றி: அலமாரி, ஜன்னல், சாவி, மேசை எல்லாம் அதே கப்பலில் வந்தவைதான். சப்பாத்தை மட்டும் ஏன் இறக்கிவிட வேண்டும்?

நாஞ்சில்வாசி எழுதியது:

"கால்கட்டு" என்று வைக்கலாமே. கால், கட்டு, இரண்டும் நல்ல தமிழ்.

எளியதமிழ் எழுதியது:

அண்ணாச்சி, "உங்கள் மகனுக்குக் கால்கட்டு போட்டாயிற்றா?" என்று 9 வயதுப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்கச் சொல்கிறீர்களா?

கொளுவி தமிழ்நாட்டில் யாருக்கும் புரியாது. நான் முதலில் அதைக் கொள்ளி என்று படித்தேன்.

புலவர் எழுதியது:

கொள்ளி என்று படித்தவர் கண்ணாடியை மாற்ற வேண்டும், சொல்லை அல்ல.

பூட்டு என்றாரே எளியதமிழ், அதில் அவர் அறியாமலே ஒரு நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். பொருள்கோள் எட்டில் பூட்டுவிற் பொருள்கோள் ஒன்று. வில்லின் இரு முனையையும் நாண் பூட்டுவதுபோலப் பாட்டின் இறுதிச் சொல் முதற் சொல்லோடு சென்று பொருந்தும். இரு முனை! முன்துண்டும் பின்துண்டும்! ஆனால் பொறியன் சொல்வதைப் பார்த்தால் பிள்ளைகளின் பலகையில் ஒரு முனைதான் பூட்டப்படுகிறது. நாண் ஒரு முனையில் தொங்கினால் வில் ஆகாது. ஆகவே பூட்டு தள்ளுபடி.

இன்னொன்று தருகிறேன்: "குறடு". கொல்லன் இரும்பைப் பிடிப்பதும் குறடு, துறவி காலில் போடும் மரமிதியும் குறடு, பாதக்குறடு. பிடிப்பதும் மிதிப்பதும் ஒரு சொல்லில் இரண்டறக் கலந்தது வேறெந்த மொழியில் உண்டு? ஆனாலும் என் முதல் தேர்வு தளையே.

பனங்காட்டாரின் தளைநார்ச் செய்திக்கு நன்றி. அதை என் ஏட்டில் எழுதிக்கொண்டேன். ளகரம் வராத பிள்ளைக்கு ளகரம் சொல்லிக்கொடுப்பதுதான் தமிழ் வகுப்பின் வேலை. அதற்காகச் சொல்லை ஏன் தண்டிக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற சிப்பாய் (வேலூர்) எழுதியது:

குழுவில் நான் அதிகம் எழுதுவதில்லை. குல்மார்கில் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பள்ளியில் பயிற்சி எடுத்தவன் என்பதால் எழுதுகிறேன். அந்தப் பள்ளி 1948இல் பனிச்சறுக்குப் பள்ளியாகத்தான் தொடங்கியது. எங்களில் தமிழ்ப் பையன்கள் "பைண்டிங்கைப் போடு", "பைண்டிங் விட்டுருச்சு" என்றுதான் பேசிக்கொள்வோம். "போடு", "விடு" இரண்டு வினை போதுமாக இருந்தது. பெயர் தேவைப்படவே இல்லை. கையுறையோடு அதை மாட்டும்போது இலக்கணம் யாருக்கும் ஞாபகம் வராது.

மதுரைச் சொல்லாய்வு எழுதியது:

குல்மார்க் என்றதும் நினைவுக்கு வந்தது. ஒரு காலத்தில் உலகம் முழுவதும் புழங்கிய கம்பிவடப் பைண்டிங்குக்கு "கந்தகார்" என்று பெயர். குதிகாலைச் சுற்றி எஃகு வடம், முன்னால் இறுக்கும் நெம்பு. செய்தவர் சுவிட்சர்லாந்தின் கீடோ ரூஜ், இசைப்பெட்டி செய்யும் குடும்பத்தவர். கந்தகாருக்கும் சுவிட்சர்லாந்துக்கும் என்ன உறவு என்றால், ஆப்கானியப் போரில் பெயரெடுத்த ஆங்கிலேயத் தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் பட்டப்பெயர் அது. அவர் கொடுத்த கோப்பைக்காக 1911இல் ஒரு சறுக்குப் போட்டி நடந்தது. அந்தப் பெயரை ஒரு சறுக்குக் கழகம் எடுத்துக்கொண்டது, கழகத்திலிருந்து கருவிக்கு வந்தது.

இப்போது என் கருத்து. கந்தகார், காந்தாரம் இரண்டும் ஒன்றே என்று சொல்வோர் உண்டு. காந்தாரி கணவனுக்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டவள். கட்டு! அது மட்டுமல்ல, காந்தாரம் நம் பண்களில் ஒன்று. பண் என்பதற்கே பொருத்து, தகுதியாக்கு என்ற பொருள் உண்டு. தேர்ப்பண், யானைப்பண் என்று பூட்டி அணிசெய்வதைச் சொல்வோம். ஆகவே "பண்ணி" என்று...

எளியதமிழ் எழுதியது:

ஐயா, பன்றி.

பொறியன் எழுதியது:

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். பெயருக்கு அவ்வளவு மரியாதை தேவையா என்று யோசியுங்கள். லாங்ரென் வகையில் பெயர்பெற்ற ஒன்று 1927இல் புரூர் வித் என்ற நோர்வேக்காரர் கண்டுபிடித்தது. மூன்று முளை, மேலே அழுத்தும் ஒரு கம்பி. அதன் பெயர் ரொத்தஃபெல்லா. டீச்சர் சொல்லுவார், அதற்கு எலிப்பொறி என்று அர்த்தம். இன்றைக்கும் அந்த நிறுவனம் அதே பெயரில்தான் விற்கிறது. எலிப்பொறியில் காலை வைக்க ஒரு நாடே தயாராக இருந்தது. நாம் தளைக்கும் பூட்டுக்கும் பயப்படுகிறோம்.

அந்த வழியில் போனால் "காற்பொறி" என்ற சொல்கூடக் கிடைக்கும். பொறி என்றால் கண்ணியும்தான், இயந்திரமும்தான். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் பொறியன், ஒருதலைப்பட்சமாகத்தான் இருப்பேன்.

பெயர் எதுவானாலும் சரி, தானே விடுவதற்கு ஒரு வினை எனக்கு உடனே தேவை. எங்கள் பயனர் கையேட்டைத் தமிழில் யாரும் கேட்கப்போவதில்லை, என் ஆசைக்குக் கேட்கிறேன். "விடுப்பு எண்" என்று வைத்திருந்தேன்.

பனங்காட்டான் எழுதியது:

விடுப்பு என்றால் எங்கள் ஊரில் ஊர்வம்பு. விடுப்பு எண் 7 என்றால் 7 வீட்டுக் கதை தெரிந்தவர்.

எளியதமிழ் எழுதியது:

எங்கள் ஊரில் லீவு. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு.

புலவர் எழுதியது:

கழல் என்ற வினையை மறந்துவிட்டீர்களா? மெலிந்த தலைவியின் வளை கழலும். யாரும் கழற்ற வேண்டாம், தானே கழலும். அதுதான் தன்வினை. சறுக்குபவர் வேண்டுமென்றே கோல்நுனியால் அழுத்தி எடுத்தால் கழற்றுகிறார், பிறவினை. விழும்போது தானே போனால் கழல்கிறது. இந்த வேறுபாட்டை வடிவமைப்பவரே விரும்புவார் என்று நினைக்கிறேன். கழல் பெயர்ச்சொல்லானால் பாதத்தையும் குறிக்கும், வீரன் காலில் கட்டும் அணியையும் குறிக்கும் என்பது கொசுறு.

பொறியன் எழுதியது:

ஐயா, இதை இப்போதே எடுத்துக்கொள்கிறேன். தானே கழல்வதற்கும் நாமே கழற்றுவதற்கும் எங்கள் வரைபடங்களில் தனித்தனிச் சோதனை இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் பிறகு அடைமொழி சேர்த்துச் சமாளிக்கிறோம். "கழல் எண்" என் பக்கத்தில் முடிந்தது. வேகத்தில் காரணமில்லாமல் கழன்றுவிடும் பைண்டிங்கை இனிமேல் "கழண்ட கேஸ்" என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

வெண்பனி (கூப்பர்ட்டீனோ) எழுதியது:

முதலில் "பனிச்சறுக்கு" சரியா? பனி என்றால் மார்கழிப் பனி. முன்பனி, பின்பனி எல்லாம் அதுதான். வானிலிருந்து பூப்போல விழுவதற்கு வெண்பனி என்றும், தண்ணீர் உறைந்ததற்குப் பனிக்கட்டி என்றும் தீர்மானிக்காமல் அதன்மேல் சறுக்கும் கருவிக்கு உறுப்புப்பெயர் வைப்பது, அத்திவாரம் போடாமல் கூரைக்கு ஓடு தேடுவது.

புலவர் எழுதியது:

"வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்" என்று புறநானூறு இமயத்தைச் சொல்கிறது. அங்கே விழுவது மார்கழிப் பனியா? பனி எல்லாவற்றையும் தாங்கும். விடுங்கள்.

ஓஸ்லோ டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உண்மையாகவே நன்றி. ஆனால் நாளை புதன்.

நீங்கள் எழுதியதை எல்லாம் வகுப்பில் கொண்டுபோய்ப் பார்த்தேன். பலகை ஒன்றையும் சப்பாத்து ஒன்றையும் மேசைமேல் வைத்து, "இதற்கு என்ன பெயர் வைக்கலாம்?" என்று கேட்டேன். குறடு என்றதும் ஒருவருக்கும் பிடிபடவில்லை. தளை என்று பலகையில் எழுதினேன். வாசித்தபோது பாதிப் பேர் தலை என்றார்கள், மீதிப் பேர் தழை என்றார்கள். ஐயா சொன்ன மாதிரி ளகரம் சொல்லிக்கொடுப்பது என் வேலைதான். அதை வியாழனுக்குள் முடிக்க முடியாது.

பூட்டு எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் பிரசுரத்தின் கடைசி வரியில் "உணவு விடுதிக்குள் போகும்போது பலகைகளைப் பூட்டி வையுங்கள்" என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் வெளியில் வைத்தால் களவு போகும். ஒரே தாளில் பூட்டு இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் வந்தால், அவசரத்தில் வாசிக்கும் தாய் சாவி எங்கே என்று கேட்பாள். முன்துண்டைப் பற்றிச் சொல்வதற்கு "பற்றி" என்று ஒருவர் தனிமடலில் அனுப்பினார். "பற்றியைப் பற்றி" என்று எழுத எனக்குத் துணிவில்லை.

கொளுவி சொன்னதும் முதல் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "அம்மா சப்பாத்தைக் கொளுவு எண்டு சொல்லுறவ" என்றது. மற்றவர்களுக்கும் உடனே பிடித்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்த இரண்டு பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டேன். முதலில் புரியவில்லை, காட்டியதும் "ஓ, மாட்டிக்கிற இடமா" என்றார்கள்.

ஆகவே கொளுவி. முதன்முறை வரும் இடத்தில் மட்டும் "பின்டிங் எனப்படும் கொளுவி" என்று போடுகிறேன், கடையில் கேட்கும்போது உதவும். முக்கியமான பந்தியைக் கீழே ஒட்டுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். சொல்லை மாற்றச் சொல்லாதீர்கள்.

"இரவல் எடுக்கும்போது பலகையையும் சப்பாத்தையும் ஒரே இடத்தில் எடுங்கள். மலைச்சரிவுப் பலகையின் கொளுவியில் லாங்ரென் சப்பாத்து பொருந்தாது. லாங்ரென் சப்பாத்திலும் இரண்டு மூன்று வகை உண்டு: நுனியடியில் குறுக்குக் கம்பி உள்ளது ஒன்று, மூன்று துளை உள்ளது இன்னொன்று. சப்பாத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். வீட்டிலேயே பிள்ளையைக் காலை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். கிளிக் என்ற சத்தம் கேட்க வேண்டும். வெளியில் அந்தச் சத்தம் கேட்காவிட்டால் பெரும்பாலும் கம்பியைச் சுற்றிப் பனி இறுகியிருக்கும். ஊன்றுகோலின் கூர்நுனியால் அதைச் சுரண்டிவிட்டு மறுபடி சப்பாத்து கொளுவியில் வையுங்கள். மலைச்சரிவுப் பலகை எடுத்தால் கொளுவியின் எண்ணை நீங்களே திருகி மாற்ற வேண்டாம். பிள்ளையின் எடை, உயரம், வயதைச் சொல்லிக் கடையில் மாற்றச் சொல்லுங்கள்."

எளியதமிழ் எழுதியது:

சரி. பிரசுரம் யாருக்கோ அவர்கள் சொல்தான் சரி. குழுவின் சொற்பட்டியலில் "பூட்டு – தமிழக வழக்கு, கொளுவி – ஈழ வழக்கு" என்று இரண்டையும் ஏற்றிவிடுகிறேன். தமிழகத்தில் இது யாருக்கு எப்போது தேவைப்படும் என்று கேட்காதீர்கள்.

நாஞ்சில்வாசி எழுதியது:

கொளுவிக்கு என் கையையும் தூக்கிவிட்டேன். கை வலிக்கிறது.

பனங்காட்டான் எழுதியது:

கொளுவுவது என்றால் எங்கள் பக்கம் வம்புச் சண்டைக்கு இழுப்பதும்தான். இந்த இழையில் 4 நாளாக நடந்தது அதுவே. வேறு சொல் வென்றிருந்தால் அநியாயம்.

மதுரைச் சொல்லாய்வு எழுதியது:

பண் பற்றிய என் வாதத்தை யாரும் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பொறியன் எழுதியது:

டீச்சர், உள்ளடக்கத்தில் பிழை இல்லை. மூன்று துளை வகைக்கு ஒரு வரி சேர்க்கலாம்: துளைக்குள் பனி புகுந்தால் முளை ஏறாது, அதையும் சுரண்ட வேண்டும். பழைய சப்பாத்து இரவல் வந்தால் துளையின் ஓரம் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் பிடிக்கும், ஆனால் மேட்டில் ஏறும்போது கழன்றுவிடும்.

புலவர் எழுதியது:

மகளே, "சப்பாத்து கொளுவியில்" என்று ஓரிடத்தில் ஒற்று விடுபட்டிருக்கிறது. அங்கே சப்பாத்து கொளுவிக்குள் வைக்கப்படும் பொருளானால் "சப்பாத்தைக் கொளுவியில்" என்று இருக்க வேண்டும். சப்பாத்துக்குரிய கொளுவி என்ற பொருளானால் "சப்பாத்துக் கொளுவியில்". எப்படிப் பார்த்தாலும் ஒரு க் வேண்டும்.

எளியதமிழ் எழுதியது:

ஐயா, அது போர்த்துக்கீசியச் சொல் என்றீர்களே. வன்தொடர்க் குற்றியலுகர விதி அதற்கும் உண்டா?

புலவர் எழுதியது:

வாசலுக்குள் வந்துவிட்டால் வீட்டு விதிதான். அதனால் நான் சப்பாத்தை ஏற்றுக்கொண்டேன் என்று யாரும் எழுத வேண்டாம். தளை பற்றிய என் கருத்திலும் மாற்றமில்லை. சொற்பட்டியலில் மூன்றாவதாக அதையும் சேர்க்கவும்.